சேற்றில் பதிந்த பன்றி

ஒரே காலடித் தடத்தைச் சுற்றி நின்றுகொண்டு மூன்று பேரும் மூன்று பன்றிகளைப் பார்த்தார்கள்.

தையல்காரியின் புருஷனுக்குத் தெரிந்தது ஒரு சாதாரணப் பன்றி. எல்லார் வயலிலும் இறங்குகிற மாதிரி ஒன்று. நாய்களை அவிழ்த்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். அவள் தம்பிக்குத் தெரிந்தது கன்றுக்குட்டி உயரத்துக்கு ஓர் ஆண் பன்றி. கோரைப்பல் இரண்டும் வெளியே வளைந்து, முதுகு மயிர் சிலிர்த்து, எதிர்ப் புதரிலிருந்து தன்னையே முறைத்துக்கொண்டிருக்கிற பன்றி. தையல்காரிக்கு இன்னும் பன்றியே தெரியவில்லை. கிளறிப்போட்ட கிழங்கு வயல்தான் தெரிந்தது. மெஷினை விட்டு எழுந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, உதட்டோரத்தில் ஒரு குண்டூசி வேறு.

இரவு தூறிய மழையில் மண் ஊறிப்போயிருந்தது. சர்க்கரைவள்ளிக் கொடிகள் வேரோடு புரண்டு கிடந்தன. கிழங்கை முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும். ஒன்றைக் கடித்து, அது பிடிக்காமல் அடுத்ததைக் கடித்து, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ருசி பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"உன் சாணை வச்சுப் பாரு மச்சான்" என்றார் புருஷன். "வச்சுப் பார்த்துட்டு, பூனைன்னு சொல்லு, யானைன்னு சொல்லு, எதையாவது சொல்லு."

"வச்சாச்சு மாமா. என் கை முழுசா உள்ள போகுது. இது பன்னி இல்ல, கட்டில்."

தடம் என்று எதைப் பார்த்தாலும் விரல்களை விரித்து அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பது தம்பியின் வழக்கம். அதனால் ஊரில் அவனுக்குச் சாண் என்றே பெயர். கடையில் அரைக் கிலோ உப்பு கேட்டால்கூட, "சாண் வந்திருக்கான், உப்பு எடு" என்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயரில் மரியாதை இருந்தது. தடத்தில் கையை வைத்துவிட்டு, பன்றி எவ்வளவு உயரம், எவ்வளவு கனம், ஆணா பெண்ணா, வயிறு நிறைந்து போகிறதா பசியோடு போகிறதா என்று சொல்லிவிடுவான். நாய்களை விடலாமா வேண்டாமா என்பது அந்தக் கையில்தான் இருந்தது.

"போன வாரம் பார்த்தப்ப மேஜைன்ன" என்றார் புருஷன். "இப்ப கட்டில். அடுத்த வாரம் வீடே நடந்து வரும்போல."

"பெருசாத்தான் இருக்கு மாமா. சத்தியமா."

"பெருசா இருந்தா என்ன? மூணு நாய் இருக்குல்ல? மூணு வட்டில் நிறையத் திங்குதுல்ல?"

சாண் தடம் போன வழியைப் பார்த்தான். வயல் வரப்பைத் தாண்டி, புல்லை மிதித்து, நேராக ஓடைக்குள் இறங்கியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் கூழாங்கல் கரை, அதற்கு மேல் காடு. கூழாங்கல்லில் எந்தத் தடமும் நிற்காது.

"காட்டுக்குள்ள போயிடுச்சு" என்று முனகிவிட்டுத் திரும்பி நடந்தான். தினமும் அந்த இடத்தில்தான் திரும்புவான்.

அவன் ஏன் திரும்புகிறான் என்பது தையல்காரிக்குத் தெரியும். போன மழைக்காலம் முடிந்து மண் காய்ந்து இறுகிக் கிடந்தபோது, இதே மாதிரி ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, "சின்னதுதான், விடலாம்" என்று சொல்லி பவுனை அவிழ்த்துவிட்டான். பவுன் அவனுடைய தலை நாய். இறுகிய மண்ணில் குளம்பின் நுனி மட்டும்தான் பதிந்திருந்தது. அவன் அதையே முழுக் குளம்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டான். புதருக்குள் நின்றிருந்தது பெரிய ஆண் பன்றி. பவுனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். தையல்காரிதான் தன் ஊசியையும் நூலையும் கொதிநீரில் போட்டு எடுத்து, கழுத்திலிருந்து விலா வரைக்கும் தைத்தாள். எத்தனையோ துணிகளைத் தைத்த கை. அன்றைக்குத் தைத்த தையல்தான் அவள் வாழ்நாளிலேயே நேர்த்தியான தையல். பொழுது சாய்வதற்குள் பவுன் போய்விட்டது.

அதற்குப் பிறகு சாணின் கைக்கு எல்லாத் தடமும் பெரிதாகிவிட்டது. பவுனின் மகள் மிளகாய் தலை நாயாக வளர்ந்து நின்றது. சிவப்பாக, சின்னதாக, ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டு, பெயருக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. கூடவே தூண் என்று ஒரு பெரிய நாய். மூன்றாவது நாய்க்குச் சும்மா என்று பெயர். "இது எதுக்குடா?" என்று ஊரார் கேட்டபோதெல்லாம் சாண் சொன்ன பதிலே அதற்குப் பெயராகிவிட்டது. மூன்றையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவான். ஓடை வரைக்கும் போவான். கயிற்றோடு திரும்பி வருவான்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் புருஷன் பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. மச்சானையும் அவன் நாய்களையும் பின்கட்டில் வைத்துச் சோறு போட்டவர்தான். ஆனால் குனிந்து குனிந்து கொடி நட்டு, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சிய முதுகு அவருடையது. கிழங்கைப் பன்றி தின்கிறது, மீதியை நாய் தின்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"கல்குவாரிக் காவல்காரர் நாய் கேட்டார்" என்றார், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "வாசல்ல கட்டிப்போட. ஞாயித்துக்கிழமை காலைல வரச் சொல்லிட்டேன்."

மெஷினின் சத்தம் நின்றது. தையல்காரி திரும்பினாள்.

"என்னங்க இது? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இப்ப கேக்கறேன். மச்சான், ஞாயித்துக்கிழமைக்குள்ள பன்னிய விரட்டிட்டா நாய் உன்னோடது. இல்லன்னா குவாரிக்குப் போகட்டும். அங்க கட்டிப்போட்டு வச்சாலும் வேளைக்குச் சோறு கிடைக்கும்."

"கட்டிப் போட்டா மிளகாய் செத்துடும் மாமா" என்றான் சாண்.

"அவுத்து விட்டாலும் செத்துடும்னு நீதானே பயப்படற? அப்ப எங்கதான் இருக்கச் சொல்ற?"

சொன்னவருக்கே சொன்ன பிறகு சங்கடமாக இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

தையல்காரி அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சீருடைகளை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றை இழுத்துப் போட்டு மூன்று மடிப்பாக மடித்தாள். பிய்ந்துபோன தோல் பையைக் கழுத்துப் பக்கத்துக்காக வெட்டி எடுத்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"மிளகாயக் கூட்டிட்டு வா. அளவு எடுக்கணும்."

"எதுக்கு அக்கா?"

"சட்டை தைக்கப் போறேன். கழுத்துல இருந்து வயிறு வரைக்கும். தையல் பின்னாடி போடறதுக்குப் பதிலா முன்னாடியே போட்டுடலாம்."

அதைச் சொல்லும்போது அவள் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாண் அதைக் கவனிக்காத மாதிரி நாயைப் பிடிக்கப் போனான்.

மிளகாய்க்கு அளவு எடுப்பது சாமானிய வேலையாக இல்லை. மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுபோனால் நாடாவைக் கவ்வியது. கழுத்துக்குக் கொண்டுபோனால் தையல்காரியின் மூக்கை நக்கியது.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதடி, இயல்பா நில்லு" என்றாள், வாடிக்கைக்காரப் பெண்களிடம் சொல்கிற அதே தொனியில். சாண் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். தூணுக்கு அளவு எடுத்தபோது அது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றது. சும்மா அளவு கொடுக்கும்போதே தூங்கிவிட்டது. தார்ப்பாய் அதற்குக் கொஞ்சம் போதவில்லை. ஜன்னல் திரையில் மிச்சமிருந்த பூப்போட்ட துணியை முதுகுப் பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்தாள். ஊசி இரண்டு தடவை ஒடிந்தது. மெஷின் கிழவி மாதிரி முனகியது. ஆனாலும் மூன்று சட்டையும் முடிந்தது.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் அவளே தம்பியை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். புதுத் தடம் இருந்தது. வாய்க்கால் சேற்றில் அகலமாக, ஆழமாகப் பதிந்திருந்தது. சாண் பழக்கம்போல அதன்மேல் கையை வைக்கப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நனைஞ்ச துணில அளவெடுப்பாங்களாடா?"

"என்னக்கா?"

"துணி நனைஞ்சிருந்தா இழுத்த இழுப்புக்கு வரும். அதுல அளவெடுத்தா உடுப்பு உடம்புல நிக்காது. நீ ஒரு வாரமா சேத்துலயே கைய வைக்கற. சேறு எப்பவும் பெருசாத்தான் காட்டும். உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல."

சாண் தலையைக் குனிந்துகொண்டான். தெரியும்தான். சேற்றில் கால் வழுக்கும், ஓரம் சரியும், குளம்பு விரிந்துகொள்ளும் என்பதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். பயந்தவன் பெரிதாகத் தெரிகிற இடத்தில்தான் போய்க் கையை வைப்பான்.

"காஞ்ச மண்ண மட்டும் பார்த்து ஒரு தடவை மோசம் போயிட்டேன்க்கா" என்றான் மெதுவாக.

"அதனால ஈர மண்ண மட்டும் பார்க்கணுமா? ரெண்டையும் பாரு. நடுவுல இருக்கறதையும் பாரு. இன்னிக்கு முழுக்க எனக்கு வேற வேலை இல்ல."

வேலை தலைக்குமேல் கிடந்தது. அதை அவன் கேட்கவில்லை.

முட்டி போட்டு ஆரம்பித்தார்கள். வாய்க்காலை விட்டு மேட்டுக்கு வந்தார்கள். அங்கே மண் ஈரமும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் பிசைந்த மாவு பதத்தில் இருந்தது; தடம் அச்சு மாதிரி விழுந்திருந்தது. சாண் கையை வைத்தான். கை நிறைந்தது, ஆனால் மூழ்கவில்லை.

"கட்டில் இல்ல" என்றான்.

"சரி. அப்புறம்?"

"பெருசுதான். ஆனா குளம்பு ரெண்டும் நீண்டு, விலகி விலகி விழுது. நுனி கூரா இல்ல. நான் இந்த மாதிரி பார்த்ததில்ல." கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தான். "குளம்புக்குப் பின்னாடி இருக்கற குட்டிக் குளம்பும் பதிஞ்சிருக்கு. நல்ல கனம்."

தையல்காரி நாடாவைப் பிரித்து ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நீட்டினாள். பிறகு இன்னொன்றுக்கு. நெற்றியைச் சுருக்கினாள்.

"இவ்வளவு கனமான ஆளு ஏன்டா இவ்வளவு குட்டையா எட்டு வைக்குது? என்கிட்ட இந்த அளவுல கால்சட்டை தைக்க வந்தா, இடுப்பு பெருசு, கால் குட்டைன்னு சொல்லிடுவேன்."

சாண் சட்டென்று நிமிர்ந்தான். நான்கு கால்களின் தடத்தையும் விரலால் சுட்டிக்கொண்டே ஓடினான். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"அக்கா, இங்க பாரு. பின்னங்கால் முன்னங்காலுக்கு வெளிப்பக்கமா விழுது. பின்பக்கம் அகலம். பொட்டைப் பன்னி! கால் குட்டை, உடம்பு கனம், அவசரமே இல்லாம அசைஞ்சு அசைஞ்சு நடக்குது. கோரைப்பல் நீட்டிக்கிட்டு நிக்கற ஜாதி இல்ல."

"எவ்வளவு உயரம்?"

"முழங்காலுக்கு மேல ஒரு சாண்."

"கனம்?"

"ரொட்டிக்கடைக்கு வருமே மாவு மூட்டை, அதுல மூணு. கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல." கொஞ்சம் யோசித்தான். "வயித்துல குட்டி இருந்தாலும் இருக்கும்க்கா. அப்படின்னா ஈட்டியத் தொட மாட்டேன். நாயை விட்டு விரட்டி, காட்டோட ஆழத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்."

"விடலாமா?"

"விடலாம்" என்றான். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டார்கள். சாண், தையல்காரி, அவள் புருஷன், மூன்று நாய்கள். கூடவே கூப்பிடாமல் வந்து சேர்ந்துகொண்டவர் ரொட்டிக்காரர். ஊரில் ஒரே ரொட்டிக்கடை அவருடையது. ஆள் அடுப்பு மாதிரி இருப்பார். ஈட்டி இல்லாததால், அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிற நீளமான மரத் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே முதல் அடுப்பு ரொட்டிய இறக்கிட்டு ஓடி வந்தேன்" என்றார். "பன்னி வேட்டைன்னா நான் இல்லாமலா? எனக்கு ஒரு தொடை போதும். பின்னந்தொடை."

"அது குட்டி போடற பன்னியா இருந்தா விரட்டிட்டு வந்துடுவோம்ணே" என்றான் சாண்.

"அது என்னப்பா கணக்கு? ஊர்ச் சொத்தத் தின்ன பன்னிக்கு எதுக்கு இரக்கம்? எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு வளருது. வேளைக்கு வேளை காஞ்ச ரொட்டி, கழுநீர். வாசல் தாண்டத் தெரியாது. வளர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

புருஷன் நாய்களைப் பார்த்தார். மூன்றும் தார்ப்பாய்ச் சட்டையில் விறைப்பாக நின்றன. சும்மாவின் முதுகில் பூக்கள்.

"என்னடி இது, வேட்டைக்குப் போகுதா, பொண்ணு பார்க்கப் போகுதா?" என்றார். ஆனால் குனிந்து சும்மாவின் கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்து, ஒரு முடிச்சை அவரே சரிசெய்துவிட்டார்.

வயலில் தடம் புதுசாக இருந்தது. மிளகாய் மூக்கை மண்ணில் வைத்ததுமே கயிறு விறைத்தது. வரப்பு, புல், ஓடைக் கரை. அங்கே வந்ததும் சாண் நின்றுவிட்டான்.

எதிரே கூழாங்கல் கரை. அதற்கு மேல் மரங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மிளகாய் தண்ணீர் ஓரத்தில் இங்கும் அங்கும் துடித்து, திரும்பித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. ரொட்டிக்காரர் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

தையல்காரி தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். கயிற்று முடிச்சை அவன் விரல்கள் பிடித்தபடியே இருந்தன, அவிழ்க்கவில்லை.

"நீ அளந்தத நீ நம்பறியா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நம்பறேன்க்கா. கைதான் நம்ப மாட்டேங்குது."

"அப்ப கையக் குடு."

அவன் கைமேல் தன் கையை வைத்தாள். முடிச்சை இரண்டு பேருமாகத்தான் அவிழ்த்தார்கள். மிளகாய் தெறித்துக்கொண்டு ஓடியது. சாண் கண்ணை மூடிக்கொண்டான். தூணும் சும்மாவும் அதன் பின்னால் பாய்ந்தன. தண்ணீர் சிதறுகிற சத்தம் கேட்டது.

"மச்சான்!" என்று கத்தினார் புருஷன். "உன் நாய்க்குத் திசை தெரியலையா? காடு அந்தப் பக்கம் இருக்கு!"

சாண் கண்ணைத் திறந்தான். மிளகாய் எதிர்க்கரைக்குப் போகவே இல்லை. ஓடைக்குள்ளேயே தண்ணீரை உழுதுகொண்டு, நீரோட்டத்துக்கு எதிராக, பாலம் இருக்கிற பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்குப் போகாமல் ஊருக்குள் போகிற காட்டுப் பன்றியை அவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் ஓடினார்கள்.

பாலத்துக்கு அடியில் கரை ஏறிய இடத்தில் ஈர மண்ணில் அதே தடம், அதே குட்டை எட்டு. நாய்கள் மூன்றும் தெருவுக்குள் நுழைந்தன. முடிதிருத்துகிறவர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். மூன்று நாய்கள் சட்டை போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுக் கதவை மறுபடியும் மூடிக்கொண்டார். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். "தள்ளுங்க, தள்ளுங்க, ஊருக்குள்ள பன்னி பூந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடியவர் ரொட்டிக்காரர்தான். நாய்கள் அவர் கடைச் சந்தில் திரும்பின. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என் கடைக்குள்ள போகுதே! ரொட்டியெல்லாம் வெளியில அடுக்கி வச்சிருக்கேன்! என் பொண்டாட்டி வேற உள்ள இருக்கா!"

"எது முதல்ல?" என்று மூச்சு வாங்கியபடியே கேட்டார் புருஷன்.

கடைக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கதவு இருந்தது. பாதி திறந்திருந்தது. அதன் முன்னால் அரை வட்டமாக நின்றுகொண்டு மிளகாய் குரைத்தது. பன்றியைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன், வா என்று சொல்கிற குரைப்பு. சாணுக்கு அந்தக் குரைப்பு தெரியும். பவுனுடைய குரல் அது. தாய்க்கு இருந்த அதே குரல் மகளுக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஈட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் கதவைத் தள்ளினான்.

உள்ளே வைக்கோல்மேல் படுத்திருந்தது பன்றி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, மலை மாதிரி, காது இரண்டும் கண்ணை மறைத்துத் தொங்க, வயிறு வரைக்கும் காய்ந்த சேறு. வாயோரத்தில் ஒரு முழம் கிழங்குக் கொடி தொங்கியது. இத்தனை குரைப்புக்கும் அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"இது என்னோட பன்னி" என்றார் ரொட்டிக்காரர்.

"தெரியுது" என்றார் புருஷன். "வாயில இருக்கறது என்னோட கொடி."

"இல்லையே, இது எங்கயும் போகாதே. தாழ்ப்பாள் போட்டிருக்கே..."

பன்றி எழுந்தது. சும்மாவின் பூப்போட்ட முதுகை மோந்து பார்த்தது. பிறகு கதவோரம் வந்து, தாழ்ப்பாளை மூக்கால் மேலே தூக்கி, பக்கவாட்டில் தள்ளி, மறுபடியும் கீழே விட்டது. வீட்டுக்காரரே அவ்வளவு லாவகமாகத் திறந்திருக்க மாட்டார்.

"அடிப்பாவி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ரொட்டிக்காரர். "அதான் கொஞ்ச நாளா காஞ்ச ரொட்டியத் தொடவே மாட்டேங்குது! ரொட்டிதான் சரியில்லையோன்னு கவலைப்பட்டு நான் மாவையே மாத்திட்டேன்யா!"

முதலில் சிரித்தது புருஷன்தான். வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் கை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வயல் போன வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்ததோ என்னவோ. தையல்காரிக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்காமல் இருந்தவர்கள் ரொட்டிக்காரரும் சாணும்தான்.

சாண் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பன்றியின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். குளம்பு தேயாமல் வளர்ந்து, பழைய செருப்பு மாதிரி விரிந்து கிடந்தது.

"பாருக்கா. வைக்கோல்லயே கிடக்கற கால். கல்லு மண்ணுல நடந்து தேயவே இல்ல. அதான் விலகி விலகி விழுந்துச்சு. எனக்குத் தோணாமப் போச்சே! காட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன், ஊர்ப் பக்கம் திரும்பவே இல்ல."

புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் கழுத்திலிருந்த நாடாவை உருவினார். பன்றியின் தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் முழங்காலில் வைத்து, அதற்கு மேல் மச்சானின் கையை இழுத்து விரித்து வைத்துப் பார்த்தார்.

"முழங்காலுக்கு மேல ஒரு சாண்" என்றார். "நேத்து ராத்திரி இவ சொன்னா. கனம் எவ்வளவுண்ணே இருக்கும்?"

"நல்ல தீனி" என்றார் ரொட்டிக்காரர், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடு. "மூணு மூட்டை இருக்கும்."

"பொட்டைதானே?"

"குட்டி போடப் போகுது."

புருஷன் நாடாவைச் சுருட்டினார். "எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கான். காட்டுப் பன்னிங்கறது ஒண்ணுதான் தப்பு." பிறகு ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "அது சரி, தொடை கேட்டீங்களே, எந்தத் தொடைன்னு இப்பவே காட்டிடுங்க. வலதா, இடதா?"

"ஐயா சாமி, விடுங்க" என்று ரொட்டிக்காரர் பன்றிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டார். "வயல்ல என்ன வேலை உண்டோ அத்தனையும் நான் வந்து செய்யறேன். வாரம் முழுக்கச் செய்யறேன். அதுமேல கைய வைக்காதீங்க."

அந்த நேரத்தில்தான் சந்து முனையில் கல்குவாரிக் காவல்காரர் வந்து நின்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, குரைப்புச் சத்தத்தை வைத்து இங்கே வந்திருந்தார். தோளில் மூன்று சங்கிலிகள் தொங்கின. தையல்காரியின் சிரிப்பு அப்படியே நின்றது. சாண் மிளகாயின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இதுங்கதானா?" என்றார் காவல்காரர். "சட்டையெல்லாம் போட்டு ரெடியா வச்சிருக்கீங்க போல."

"நாய் குடுக்கறதா இல்லைங்க" என்றார் புருஷன்.

"என்னங்க இது? வேலைக்கு ஆகாத நாய்ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஒரு வாரமா நானும் அந்தக் காட்டப் பார்த்துத்தான் வாய் கிழியக் கத்தினேன். இதுங்க நேரா ரொட்டிக்கடைக்கு வந்து நின்னுச்சு. எங்க மூணு பேரோட புத்தியவிட இதுங்க மூக்கு தேவலை. தப்பா நினைச்சுக்காதீங்க, அலைய வச்சுட்டேன்."

காவல்காரர் தோளிலிருந்த சங்கிலியைப் பார்த்தார். "அப்ப இத என்ன பண்றது?"

"ரொட்டிக்காரர்கிட்ட குடுங்க. அவர் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு அவசியம் வேணும்."

காவல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ரொட்டிக்காரர் அவரை உட்கார வைத்து, சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்துக் கொடுத்து, ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதே பன்றியின் புத்திசாலித்தனம் கூடிக்கொண்டே போனது.

புருஷன் கதவோரம் போய், பன்றி வாயிலிருந்து விழுந்த கொடியைக் குனிந்து எடுத்தார். கணுக்கணுவாகத் தடவிப் பார்த்தார்.

"கணு நல்லாத்தான் இருக்கு. வெட்டி நட்டா பிடிச்சுக்கும்" என்றார். "வயல்ல புரண்டு கிடக்கறதையும் வெயில் ஏறறதுக்குள்ள நட்டுடலாம். வா மச்சான். நாயையும் கூட்டிட்டு வா."

சாண் கயிற்றைத் தேடினான். அது ஓடைக் கரையிலேயே கிடந்தது. கயிறு இல்லாமலேயே மிளகாய் அவன் காலோடு ஒட்டி நடந்தது. தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே வயலுக்கு நடந்தாள்.